பேசாக் காலம்

அந்த மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நீலத் தொப்பி, மழைக்கோட்டு, தோளில் ஒரு மடக்கு நாற்காலி. அதை விரித்து அவர் உட்காரவே இல்லை. என் தங்கை ஈட்டியைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும்போதெல்லாம் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார். ஈட்டி தரையில் குத்தியதும் கைப்பேசியை இறக்கிவிட்டு, தூரத்து மரத்தில் ஏதோ பறவையைத் தேடுபவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவர்தானாடா?" என்று அப்பா கேட்டார்.

"அவர்தான். ஆனா நாம பேசக் கூடாதுப்பா. காலையிலேயே சொன்னேனே."

"நான் எங்கடா பேசுறேன்? பசியாறிட்டாரான்னு கேக்கப் போறேன். அது ஒரு பேச்சா?"

"அதுவும் பேச்சுதான்."

"என்னடா கதை இது! அமெரிக்காவுலேருந்து நம்ம புள்ளையப் பாக்க வந்திருக்காரு. மழையில நிக்கிறாரு. கண்டுக்காம நிக்கச் சொல்றியா?"

அப்பாவின் கையில் அலுமினியத் தாளில் சுற்றிய கறிபாப் இருந்தது. விடியலில் எழுந்து, உள்ளே கிழங்குக் கறி அடைத்துப் பொரித்தது. நான் தடுப்பதற்குள் ஈரப் புல்லில் நடந்து வேலியருகே போய்விட்டார். அந்த அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் அப்பா வருவதைப் பார்த்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் காட்டி ஓரடி பின்வாங்கினார். சிரித்துக்கொண்டேதான். "மன்னிக்கணும் சார், என்னால முடியாது. இன்னைக்கு எல்லாருக்கும் நல்லா அமையட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் மறுபக்கத்துக்கே போய்விட்டார். அப்பா திரும்பி வந்தபோது தாள் பிரிந்திருந்தது. கறிபாப் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

ஆக்லாந்தில் எங்கள் வீடு இருக்கும் பிளாக்ஹவுஸ் பேக்குக் காரில் திரும்பினோம். பாதி தூரம் வந்தபின் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"பொண்ணு பாக்க வந்தவன் கை நனைக்காமப் போனா என்ன அர்த்தம்?"

"பிடிக்கலேன்னு அர்த்தம்" என்றார் அம்மா. "பிடிச்சாத்தான் கை நனைப்பாங்க."

பின்சீட்டில் சேறு படிந்த காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கை ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவரை யார் கல்யாணம் பண்ணிக்கப் போறா? அவருக்கு அம்பது வயசிருக்கும்."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மிச்சக் கறிபாப்பை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே குப்பையில் போட்டார். அப்பா சாப்பாட்டைக் குப்பையில் போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை போனார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. தமிழ் நாள்காட்டியை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். இங்கே வெஸ்ட்கேட்டில் ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் அப்பா பரோட்டா போன்ற ரொட்டி சானாய் வீசுகிறார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, பட்டமும் வாங்கியவன் நான்தான். அதனால் சின்ன வயதிலிருந்தே விசா, வாடகை, மருத்துவமனை, வங்கி என்று வீட்டுக்கு வருகிற ஆங்கிலம் எல்லாம் என்னிடம்தான் வரும். படித்துச் சொல்வேன். "அவன் சொல்லிட்டானா? அப்ப சரி" என்பார்கள். அந்த "அப்ப சரி"யில்தான் நான் வளர்ந்தேன்.

தங்கை இங்கே பிறந்தவள். கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தவள் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிந்த வேகத்தைப் பார்த்து, பள்ளியின் விளையாட்டு ஆசிரியை அவள் கையில் ஈட்டியைக் கொடுத்தார். இரண்டு கோடைகளில் அவள் எறிகிற தூரத்தைப் பார்த்த அதே ஆசிரியை, அமெரிக்கக் கல்லூரி ஒன்று இவளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கொடுத்து எடுத்துக்கொள்ளும் என்றார். "ஆனா அவங்க விதிகள் ரொம்பச் சிக்கல். வீட்டில் யாராவது உட்கார்ந்து படிக்கணும்" என்று என்னைப் பார்த்தார்.

உட்கார்ந்து படித்தேன். கல்லூரித் தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

விளங்கியது இதுதான். அங்கே கல்லூரிப் பயிற்சியாளர்கள் நினைத்த நேரத்தில் பள்ளி மாணவரிடம் பேசிவிட முடியாது. மாணவர் ஒரு குறிப்பிட்ட வகுப்பைத் தாண்டும்வரை பயிற்சியாளர் கடிதத்துக்குப் பதில்கூடப் போடக் கூடாது. மாணவர் எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த நாள் தாண்டிய பிறகும் ஆண்டு முழுவதும் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். சில வாரங்கள் வீட்டுக்கே வந்து பேசலாம். சில வாரங்கள் தூர நின்று ஆட்டத்தைப் பார்க்கலாம், பேசக் கூடாது. சில வாரங்கள் நாம் அவர்கள் வளாகத்துக்குப் போனால் மட்டும் சந்திக்கலாம். சில வாரங்கள் நேரில் முகமே பார்க்கக் கூடாது, ஆனால் தொலைபேசி உண்டு, மின்னஞ்சல் உண்டு. இதுவும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணமும் ஆளும் உள்ள பெரிய கல்லூரிகள் பிள்ளைகளை ஓயாமல் துரத்தக் கூடாது என்பதற்காக வைத்த விதிகளாம். இவற்றுக்கெல்லாம் வீட்டில் நான் ஒரே பெயர் வைத்தேன்: பேசாக் காலம்.

சமையலறைச் சுவரில் அம்மாவின் தினசரி நாள்காட்டி தொங்குகிறது. கிள்ளக் கிள்ள மெலிகிற அந்தக் காகிதக் கட்டை மலேசியாவிலிருந்து வருடா வருடம் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல நேரம், ராகு காலம், கிருத்திகை எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பக்கத்தில், ஈட்டி எறிபவர்களுக்கான அமெரிக்க அட்டவணையை நான்கு வண்ணங்களில் அச்சடித்து ஒட்டினேன். பச்சை என்றால் பேசலாம். சிவப்பு என்றால் பேசாக் காலம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கும் நாள் நட்சத்திரம் உண்டா?" என்றார்.

"உண்டும்மா. நம்மளவிட அதிகம்."

அம்மாவுக்கு அமெரிக்கா மேல் ஒரு மரியாதை வந்தது. அது எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மைதானத்தில் அந்தப் பயிற்சியாளர் வந்து நின்றது மார்ச்சில். அப்போது தங்கை இன்னும் அந்தக் குறிப்பிட்ட நாளைத் தாண்டவில்லை. அவரால் பார்க்கத்தான் முடியும். அதற்கு முன் அவள் அவருக்கு நான்கைந்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள், எறிகிற காட்சிகளோடு. ஒரு பதில் இல்லை. தினமும் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கைப்பேசியைப் பார்ப்பாள். "என் வீடியோவை அவர் திறந்துகூடப் பார்க்கலை போல" என்பாள். "பார்த்திருப்பார். பதில் போடத்தான் விதி விடலை. போடாததை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதே" என்பேன். அவர் பதில் போட முடியாத காலத்திலும் நீ எழுதிக்கொண்டே இரு, புதுத் தூரம் எறிந்தால் சொல், மதிப்பெண் வந்தால் சொல், எந்தப் போட்டிக்குப் போகிறாய் என்று சொல், நீயே எழுது, அண்ணன் எழுதுவதுபோல் இருக்கக் கூடாது. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவள் அப்படியே செய்தாள். அதனால்தான் அவர் இத்தனை கடல் தாண்டி வந்து வேலியில் நின்றார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

"பிடிக்காமலா இவ்வளவு தூரம் வந்தாரு?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வந்து பாத்துட்டு பிடிக்காமப் போனவங்க எத்தன பேரு" என்றார் அப்பா.

ஜூனில் அந்த நாள் வந்தது. அன்று காலை, அங்கே முந்தைய நாள் மதியம், தங்கை பள்ளிக்குக் கிளம்பி ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எடுத்து, "யெஸ்... யெஸ்... ஹாய்" என்றாள். ஒரு ஷூவோடு சமையலறைக்கு வந்தாள். பயிற்சியாளரின் குரல் எங்களுக்கும் கேட்டது. உன் கடிதங்கள் எல்லாம் படித்தேன், உன் இடது கால் ஊன்றுவதில் ஒரு சின்ன விஷயம் சரி செய்யணும், மற்றபடி உன்னை மாதிரி தோள் நான் பார்த்து நாளாகிறது என்றார். முடிக்கும்போது, "உன் அப்பாவிடம் சொல், அன்றைக்கு அந்த வாசனை அடித்தபோது என் விதிப்புத்தகத்தின் மேல் எனக்குக் கோபமே வந்தது" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அப்பா வேலைக்குப் போகிற சட்டையோடு நின்று, "நான் சொல்லல? ஆளு நல்ல ஆளு" என்றார். மார்ச்சிலிருந்து அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. வாரம் ஒரு அழைப்பு வந்தது. தங்கை குளிர்கால மழையில் பூங்காவில் கயிறு குதித்தாள், இடது காலை ஊன்றி ஊன்றிப் பழகினாள். நான் ஈட்டி விழுந்த இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து கொடுப்பேன். அம்மா கடலை மாவில் என்னவோ செய்து காற்றுப் புகாமல் அடைத்து, "இது அங்க கெடாமப் போகுமாடா?" என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை பாதி தாண்டியபின், மேற்கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவர் எங்கள் எல்லோரையும் திரையில் பார்க்க வேண்டும் என்றார். நான்கு பேரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தோம். ஈட்டிக்கு அந்த வருடம் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதை உங்கள் மகளுக்குக் கொடுக்க விரும்புகிறோம் என்றார். படிப்பு முழுவதும் அவர்கள் பொறுப்பு. இப்போது கையெழுத்து எதுவும் வேண்டாம், அதற்குக் காலம் இருக்கிறது, அவள் வாயால் ஒரு "சரி" போதும். வேறு ஒரு நாட்டுப் பெண்ணும் காத்திருக்கிறாள், அதனால் அடுத்த வாரத்துக்குள் சொன்னால் நல்லது என்றார்.

தங்கை அம்மாவைப் பார்த்தாள். சோபாவிலிருந்தே தெரிகிற சமையலறைச் சுவரை அம்மா பார்த்தார். என் வண்ண அட்டவணையை அல்ல, அதற்குப் பக்கத்தில் இருந்ததை.

"தாங்க்யூ சார்" என்றார் அப்பா ஆங்கிலத்தில். "வீ டாக், வீ டெல் யூ."

திரை அணைந்ததும் அம்மா சொன்னார்: "ஆடி பொறந்து அஞ்சாறு நாள்தான் ஆகுது. ஆவணி பொறக்கட்டும். சொல்லிடலாம்."

நான் சிரித்தேன். உண்மையாகவே வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ஏண்டா சிரிக்கிற? அவங்களுக்கு ஒரு காலம் இருந்துச்சு. மாசக்கணக்கா புள்ள எழுதுனா, ஒரு பதில் இல்ல. நாம ஏதாச்சும் சொன்னமா? அவங்க ஊரு வழக்கம்னு நீதானே சொன்ன. காத்திருந்தோம்ல? இப்ப நமக்கு ஒரு மாசம். அவரு காத்திருக்க மாட்டாரா?"

அவர்கள் விதிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பேசாக் காலம் இருக்கலாம் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவைத் தேடி வெஸ்ட்கேட் போனேன். வீட்டில் அம்மா முன்னால் அப்பா பேச மாட்டார். கூட்டம் இல்லாத மதிய நேரம். எண்ணெய் தடவிய மாவு உருண்டைகளை வரிசையாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது கல்யாணம் இல்ல. கையெழுத்துக்கூட இல்ல. வெறும் வாய் வார்த்தை. நாளைக்கே மாத்திக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. அவங்க விதியிலேயே அப்படித்தான் இருக்கு."

நான் மிகச் சரியான விஷயத்தைச் சொன்னதாக நினைத்தேன். அப்பாவின் கை நின்றது.

"வெறும் வாய் வார்த்தையா? டேய், கையெழுத்து எனக்கு ஒழுங்காப் போட வராது. நான் இத்தன வருசம் பொழச்சது வாய் வார்த்தையிலதான். ஒருத்தன்கிட்ட 'சரி'ன்னுட்டா அதோட முடிஞ்சுது. கையெழுத்து அப்புறம் வர்ற சடங்குடா. நிச்சயம் பண்றதே வாய்தானே? அத ஆடியில பண்ணச் சொல்றியா?"

வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று சொல்லி நானே அதன் மதிப்பை ஏற்றிவிட்டிருந்தேன். அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் அது பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு உருண்டையை எடுத்து வீசினார். அது காற்றில் விரிந்து, கல்லில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உனக்கும் பாப்பாவுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"இங்க வர்றதுக்கு விசா ஆடியிலதான் வந்துச்சு. உங்கம்மா வேணாம்னா. ஆவணியில போலாம்னா. நான்தான் கேக்கல. டிக்கெட் போட்டுட்டேன். வந்து ரெண்டு வாரத்துல... ஆஸ்பத்திரியில அவ பேச்சு அவங்களுக்குப் புரியல, அவங்க பேச்சு இவளுக்குப் புரியல. நான் நடுவுல நின்னேன், ஒண்ணும் தெரியாம." ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "அன்னையிலேருந்து அவகிட்ட ஆடியப் பத்தி நான் வாயத் தொறக்குறதில்ல. நீயும் தொறக்காத."

அந்த ரொட்டியை இரண்டு கையாலும் அடித்துக் குலைத்து, குழம்போடு என் முன்னால் வைத்தார். "சாப்பிடு. காலையில பசியாறியிருக்க மாட்ட."

சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆனாலும் விட மனமில்லை. அம்மா ஆடி வெள்ளிக்குப் போகும் கோயிலுக்கு அடுத்த நாள் நான் தனியாகப் போனேன். அங்குள்ள ஐயர் யாழ்ப்பாணத்துக்காரர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "படிப்புக்கு ஆடி தடையில்லைத் தம்பி. கலியாணம், புதுவீடு குடிபூரல் எண்டால்தான் பாக்கிறது. அம்மாவை எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கோ, நான் கதைக்கிறன்" என்றார். எனக்குக் காலில் விழலாம் போல் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பை நிறுத்தவில்லை.

"ஐயரு சொல்லுவாரு. நல்ல மனுசன். போன இடத்துல ஒண்ணு ஆச்சுன்னா ஐயருக்கா வலிக்கும்?"

மிஞ்சி இருந்தது தங்கை. அவள் வாயால்தானே "சரி" சொல்ல வேண்டும்? அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, நீ சொல்லிவிடு, ஆவணியில் அம்மாவிடம் அப்போதுதான் சொன்னதுபோல் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"சொல்லலாம். நூறு தடவை டைப் பண்ணிட்டேன். அங்கே போய் எனக்குக் கால் சுளுக்கினாகூட அம்மா தன்னைத்தான் திட்டிக்குவாங்க. நான் இங்கே இருந்து அதைப் பார்க்கக்கூட முடியாது." தலையணைக்குள்ளிருந்தே சொன்னாள்: "எல்லாருக்கும் பேசக் கூடாத ஒரு காலம் இருக்கு. அவருக்கு இருக்கு, அம்மாவுக்கு இருக்கு. நான் எப்பண்ணா பேசுறது?"

அந்த "அண்ணா" மட்டும் தமிழ்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து பயிற்சியாளருக்கு எழுதினோம். அவளே எழுதினாள், நான் பக்கத்தில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் இந்த மாதம் எந்த நல்ல முடிவும் எடுப்பதில்லை, இது மறுப்பு இல்லை, ஆகஸ்ட் நடுவில் கட்டாயம் சொல்லிவிடுவோம், தயவுசெய்து காத்திருங்கள் என்று. அம்மாவுக்கு நடந்ததை எழுதவில்லை. அது எழுதுகிற விஷயமாக எங்களுக்குப் படவில்லை. பதில் அன்றைக்கே வந்தது. உங்கள் வழக்கத்தை மதிக்கிறேன், என்னால் முடிந்தவரை தள்ளிப் பார்க்கிறேன், ஆனால் முடிவு என் கையில் மட்டும் இல்லை, உறுதி கொடுக்க முடியாது. அதற்கு மேல் எந்த விதியும் அவரைப் பேசச் சொல்லவில்லை. பேசக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் வாராந்திர அழைப்பு நின்றது.

என் அட்டவணையில் அந்த வாரங்கள் பச்சையாக இருந்தன. அதன் பக்கத்தில் அம்மா தினமும் காலையில் ஒரு தாளைக் கிள்ளினார். நான் ஒன்றைப் பார்த்து மற்றதைப் பார்த்து, காபியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கிளினிக்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. எதையாவது அணைத்துத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த மாதம் முழுவதும் அந்த வேலையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஆவணி முதல் நாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, விளக்கேற்றினார். வேலைக்குப் போகவில்லை. அப்பா கேசரி கிண்டினார். நல்ல நேரம் பார்த்து, "இப்பக் கூப்பிடு" என்று அம்மாவே கைப்பேசியை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. ஒரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் முதல் மணியிலேயே எடுத்தார். தங்கை வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். மென்மையாகத்தான் பேசினார். மேலிடத்தில் பட்டியலை முடிக்கச் சொன்னார்கள், நான் கேட்டுப் பார்த்தேன், அந்த இடம் போன வாரம் அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது, இன்று உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல இருந்தேன், நீ முந்திக்கொண்டாய் என்றார். நீ நிச்சயம் எங்கேயாவது எறிவாய், விட்டுவிடாதே என்றார்.

"ஓகே" என்றாள் தங்கை. "ஓகே. தாங்க்யூ. இல்ல இல்ல, ஓகே."

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் ஆங்கிலத்தை எல்லாம் நான்தானே சொல்ல வேண்டும். நான் விளக்கைப் பார்த்தேன். அது எரிந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இருவரையும் தாண்டி வந்து கைப்பேசி அருகே குனிந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "சார், நோ ப்ராப்ளம் சார். நெக்ஸ்ட் டைம் யூ கம் ஆக்லாந்து, யூ மஸ்ட் ஈட்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர், "யெஸ் சார்" என்றார்.

அம்மா அழவில்லை. பட்டுப்புடவையோடு போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். கேசரியை அப்பா இந்த முறை குப்பையில் போடவில்லை. மூன்று நாள் அது குளிர்ப்பெட்டியில் இருந்தது. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

போன மாதம் ஊரின் மறுகோடியில் உள்ள பிளாட் புஷ்ஷிலிருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டுக்காரர், கணினித் துறை. மகன் நீச்சல் வீரனாம். "தம்பி, நீங்க இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவர்னு கோயில்ல சொன்னாங்க" என்றார். பொறுமையாகச் சொன்னேன். பதில் வராத காலத்தில் மனம் தளர வேண்டாம், பிள்ளையே எழுதட்டும், எப்போது பேச முடியும் என்று பயிற்சியாளரிடமே நேராகக் கேட்கலாம், போட்டி நடக்கும் இடத்தில் அவரை நெருங்காதீர்கள், அவர் ஒதுங்கினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "சார், உங்க வீட்ல ஆடி பார்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப யார் தம்பி பாக்குறா?" என்று சிரித்தார்.

"ஆமா" என்று நானும் சிரித்து வைத்தேன். பார்க்கிறவர்கள் என்றால், முதல் கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள் என்று சொல்ல இருந்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தங்கை வேறு ஒரு கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தாள். புதுக் காட்சிகள், புதுத் தூரம். இந்தக் கல்லூரி சின்னது, கொடுப்பதும் பாதிதான். என் அட்டவணைப்படி அங்கே இப்போது நேரில் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. மின்னஞ்சல் போகலாம். "அனுப்பு" என்றேன்.

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்ப அனுப்பலாமா?"

தமிழில் கேட்டாள். ஒவ்வொரு சொல்லாக, பார்த்துப் பார்த்து.

அம்மா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ஐந்து மணி தாண்டியிருந்தது. ஞாயிறு மாலை ராகு காலம் என்று எனக்கே தெரியும். நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அனுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இனி அவரால் முடியவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார், படித்தவன் நீ சொல் என்பதுபோல.

நான் அடுப்பைப் பார்த்தேன்.

தங்கை நாற்காலியை இழுத்து, மடிக்கணினியை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அனுப்பவில்லை, மூடவும் இல்லை. அம்மா மறுபடி நறுக்கத் தொடங்கினார். மூன்று பேரும் அப்படியே இருந்தோம். திரை மங்கும்போதெல்லாம் அவள் ஒரு விரலால் தொட்டு அதை விழிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.